கியர் இல்லாத வண்டி

தாராவியில் இருந்து செம்பூருக்கு டாக்சியில் போகிறீர்கள். வண்டி சயான் பக்கம் வருகிறது. ஒரே நெரிசல். பத்து அடி நகர்கிறது, நிற்கிறது. மறுபடி நகர்கிறது, மறுபடி நிற்கிறது.

அப்போது ஓட்டுநரின் இடது காலையும் இடது கையையும் பாருங்கள். கால் ஒரு மிதியை அழுத்துகிறது. கை ஒரு கம்பியைத் தள்ளுகிறது. கால் மெல்ல மேலே வருகிறது. வண்டி நகர்கிறது. நிற்கும்போது மறுபடி அதே வேலை. ஒரு நாளில் இப்படி எத்தனை முறை? நூற்றுக் கணக்கில் இருக்கும்.

கால் அழுத்துவது கிளட்ச். கை தள்ளுவது கியர்.

இப்போது வரும் பல புதிய வண்டிகளில் இந்த இரண்டு வேலையும் இல்லை. கிளட்ச் மிதியே கிடையாது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி ஓடும். பிரேக்கை மிதித்தால் நிற்கும். அவ்வளவுதான்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முப்பது வருடம் கியர் போட்டுப் பழகிய ஓட்டுநர் என்ன ஆவார்? கிளட்ச் பிளேட் மாற்றிப் பிழைக்கும் மெக்கானிக் என்ன செய்வார்? ரோட்டில் நடந்து போகும் நமக்கு இதில் என்ன இருக்கிறது?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கியர் எதற்கு?

மார்க்கெட்டில் கைவண்டி இழுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். வண்டி நிறைய மூட்டை. முதல் அடி எடுத்து வைப்பதுதான் கஷ்டம். உடம்பை வளைத்து, மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டும். வண்டி ஓடத் தொடங்கிவிட்டால் அவ்வளவு பலம் வேண்டாம். வேகமாக நடந்தால் போதும்.

மோட்டார் வண்டிக்கும் இதுதான் கணக்கு. கிளம்பும்போது பலம் வேண்டும். ஓடும்போது வேகம் வேண்டும்.

ஆனால் பெட்ரோல் எஞ்சினுக்கும் டீசல் எஞ்சினுக்கும் ஒரு குறை உண்டு. மெதுவாகச் சுற்றும்போது அவற்றுக்குப் பலம் குறைவு. ரொம்ப மெதுவாகச் சுற்றினால் எஞ்சின் நின்றே போகும். சும்மா நிற்கும் காரில்கூட எஞ்சின் நிமிடத்துக்கு 700, 800 முறை சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

சக்கரத்தின் கணக்கு வேறு. ஒரு கார் நாம் நடக்கும் வேகத்தில் போனால், அதன் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 45 முறைதான் சுற்றும். எஞ்சின் சுற்றுவது 800. சக்கரம் சுற்ற வேண்டியது 45. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

அதற்குத்தான் பல் சக்கரங்கள். ஒரு சின்னச் சக்கரத்துக்கு 10 பல். ஒரு பெரிய சக்கரத்துக்கு 30 பல். இரண்டையும் பல்லோடு பல் சேர்த்து வைக்கிறோம். சின்னச் சக்கரம் 3 முறை சுற்றினால் பெரிய சக்கரம் 1 முறை சுற்றும். வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் திருப்பும் பலம் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆனது.

முதல் கியர் என்பது இப்படி வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டுவது. மேல் கியருக்குப் போகப் போகப் பலம் குறையும், வேகம் கூடும். அதனால்தான் மேட்டில் ஏறும்போது ஓட்டுநர் கியரைக் குறைக்கிறார்.

கிளட்ச் எதற்கு?

சுற்றிக்கொண்டிருக்கும் பல் சக்கரங்களை அப்படியே மாற்ற முடியாது. 'கடகட' என்று சத்தம் வரும். பல் உடையும். ஆகவே கியர் மாற்றும் நேரத்தில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பைக் கொஞ்சம் விலக்க வேண்டும்.

இரண்டு தட்டுகள் ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டு சேர்ந்து சுற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு எஞ்சின் பக்கம். இன்னொரு தட்டு சக்கரத்தின் பக்கம். கிளட்ச்சை மிதித்தால் தட்டுகள் பிரியும். எஞ்சின் தனியாகச் சுற்றும். சக்கரத்துக்குப் பலம் போகாது. காலை எடுத்தால் தட்டுகள் மறுபடி சேரும்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் மிதி, எஞ்சினையும் சக்கரத்தையும் பிரிக்கும் மிதி. பின்னால் இது மிக முக்கியமாக வரும்.

முதலில் ஸ்கூட்டரில் போனது

கியர் போவது நமக்குப் புதிது அல்ல. ஸ்கூட்டரில் அது எப்போதோ நடந்துவிட்டது.

பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் 1972இல் வந்தது. அதை வாங்கப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. அதற்குக் கியர் இடது கைப்பிடியில் இருந்தது. கிளட்ச்சைப் பிடித்துக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். உதைத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

1980இல் ஓசூரில் இருந்து டி.வி.எஸ். 50 வந்தது. அதில் கியர் மாற்றும் வேலை இல்லை. பால்காரரும் காய்கறி வியாபாரியும் அதில் மூட்டை கட்டிப் போனார்கள். 1980களின் நடுவில் கைனடிக் ஹோண்டா வந்தது. அதில் கியரும் போடவேண்டாம், உதைக்கவும் வேண்டாம். பட்டனை அழுத்தினால் போதும். 2001இல் ஹோண்டா ஆக்டிவா வந்தது.

பிறகு என்ன நடந்தது? கியர் உள்ள ஸ்கூட்டரை வாங்குவோர் குறைந்தார்கள். 2009இல் பஜாஜ் கம்பெனி ஸ்கூட்டர் செய்வதையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. சேத்தக் என்ற பெயர் 2020இல் திரும்பி வந்தது. ஆனால் இப்போது அது மின்சார ஸ்கூட்டர். கியர் கிடையாது.

இதனால் யாருக்கு நன்மை? பெண்களுக்குப் பெரிய நன்மை. சேலை கட்டிய ஆசிரியை, வேலைக்குப் போகும் நர்ஸ், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் தாய், எல்லோரும் வண்டி ஓட்டினார்கள். இடது காலில் பலம் இல்லாத மாற்றுத் திறனாளிகளுக்கும் கியர் இல்லாத வண்டி ஓட்டுவது எளிதானது.

மும்பை டாக்சியின் கதை

கறுப்பும் மஞ்சளும் பூசிய பழைய டாக்சியை மும்பைக்காரர் மறக்கமாட்டார்கள். அதன் பெயர் பிரீமியர் பத்மினி. ஆனால் 'ஃபியட்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். செம்பூருக்குப் பக்கத்தில் குர்லாவில் இருந்த பிரீமியர் தொழிற்சாலையில்தான் அது உருவானது. மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் அது வரிசையாக நிற்கும். ஆட்டோவைச் சயானுக்கும் பாந்திராவுக்கும் தெற்கே விடமாட்டார்கள். அதனால் மாட்டுங்காவில் டாக்சிதான்.

அந்த வண்டியில் கியர் கம்பி தரையில் இல்லை. ஸ்டியரிங் பக்கத்திலேயே இருந்தது. கையை மேலும் கீழும் அசைத்துக் கியர் போட வேண்டும். எந்தக் கியர் எங்கே விழும் என்பது ஓட்டுநரின் கைக்குத் தெரியும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் வேறுபடும். அதுவும் கைக்குத் தெரியும்.

2000ஆம் ஆண்டை ஒட்டி இந்த வண்டி செய்வது நின்றது. மும்பையில் டாக்சிக்கு 20 ஆண்டு வயது வரம்பு உண்டு. கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபரில் பதிவானது. எனவே 2023 அக்டோபரோடு அந்த டாக்சிகள் முடிந்தன.

பத்மினி போனபின் ஓட்டுநர்கள் வேறு கார்களுக்கு மாறினார்கள். அவற்றில் கியர் கம்பி தரையில் இருந்தது. முதலில் கை பழைய இடத்தையே தேடும். பிறகு பழகிவிடும். அதே ஓட்டுநர்கள்தான், புதிய வண்டியைப் பழகிக்கொண்டார்கள்.

இப்போது வந்திருப்பது அடுத்த மாற்றம். இது அதைவிடப் பெரியது.

தானே கியர் மாற்றும் கார்

மனிதன் கை வைக்காமல் தானே கியர் மாற்றும் கார் வெகு காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1939இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று அமெரிக்காவில் விற்கும் புதிய கார்களில் கையால் கியர் போடும் கார் மிக அபூர்வம்.

நம் நாட்டில் அந்த வகைக் கார் பணக்காரர் வண்டியாகவே இருந்தது. விலை அதிகம், பெட்ரோலும் அதிகம் குடிக்கும் என்று மக்கள் நினைத்தார்கள். 2014இல் மாருதி செலேரியோ என்ற சிறிய கார் வந்தது. அதில் ஒரு புதிய வழி. கியர் பெட்டி பழைய மாதிரிதான். கிளட்ச்சும் உள்ளே உண்டு. ஆனால் கிளட்ச்சைப் பிரிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஒரு கருவி செய்தது. இதனால் விலை குறைந்தது. நடுத்தரக் குடும்பங்களும் வாங்கின.

நம் நாட்டில் இன்னும் பாதிக்கு மேற்பட்ட புதிய கார்கள் கையால் கியர் போடும் கார்கள்தாம். லாரிகளிலும் பெரும்பாலும் கியர் உண்டு. ஆகவே நாளைக்கே எல்லாம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் வண்டி போகும் திசை தெரிகிறது. வருடத்துக்கு வருடம் கியர் போடும் வண்டி குறைகிறது.

மின்சார வண்டிக்குக் கியர் ஏன் வேண்டாம்?

கியர் குறைவதற்கு இன்னொரு பெரிய காரணம் மின்சார வண்டி.

எஞ்சினுக்கு மெதுவாகச் சுற்றும்போது பலம் இல்லை என்று பார்த்தோம். மின்சார மோட்டாருக்கு அந்தக் குறை இல்லை. நின்ற இடத்திலிருந்தே அதற்கு முழுப் பலம் உண்டு. மெதுவாகவும் சுற்றும், மிக வேகமாகவும் சுற்றும். அதனால் பெரும்பாலான மின்சார வண்டிகளில் மாற்றுவதற்குப் பல கியர்கள் இல்லை. ஒரே ஒரு பல் சக்கர அமைப்பு போதும்.

மும்பைக்கு இது புதிதும் அல்ல. 1907இல் இந்த நகரத்தில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1964 மார்ச் 31 வரை ஓடியது. மாட்டுங்காவுக்குப் பக்கத்தில் தாதர் டி.டி. என்று ஒரு இடம் இருக்கிறது அல்லவா? டி.டி. என்றால் டிராம் டெர்மினஸ், அதாவது டிராம் கடைசியில் வந்து நிற்கும் இடம். டிராம் போய்விட்டது. பெயர் மட்டும் நிற்கிறது. அந்த டிராமில் கியர் இல்லை. ஓட்டுநர் ஒரு பிடியைத் திருப்பி ஓட்டினார்.

1925 பிப்ரவரி 3ஆம் தேதி இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. எங்கிருந்து எங்கே தெரியுமா? பம்பாய் வி.டி.யில் இருந்து குர்லாவுக்கு. இன்று நாம் ஏறும் லோக்கல் ரயிலிலும் மோட்டார்மேன் கிளட்ச் மிதிப்பது இல்லை.

இப்போது அந்தப் பழைய முறை தண்டவாளத்தில் இருந்து சாலைக்கு வந்திருக்கிறது. மும்பையின் பெஸ்ட் நிறுவனம் மின்சாரப் பேருந்துகளை ஓட்டுகிறது. 2023 பிப்ரவரியில் மின்சார மாடிப் பேருந்து வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய டீசல் மாடிப் பேருந்து ஓய்வு பெற்றது. ஆட்டோவிலும் மின்சார ஆட்டோ வந்துவிட்டது. கைப்பிடியைத் திருப்பிக் கியர் போடும் வேலை அதில் இல்லை.

எளிய வண்டியில் உள்ள ஆபத்து

கியர் இல்லாத வண்டியை ஓட்டுவது எளிது. அப்படியானால் கியர் வண்டி ஓட்டியவர் அதை உடனே ஓட்டிவிடலாமா? கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

2024 டிசம்பர் 9ஆம் தேதி இரவு, குர்லாவில் ஒரு மின்சாரப் பேருந்து கட்டுப்பாடு இழந்தது. கூட்டமான தெருவில் ஆட்கள் மீதும் வண்டிகள் மீதும் மோதிக்கொண்டே போனது. ஏழு பேருக்கு மேல் உயிர் இழந்தார்கள். நாற்பது பேருக்கு மேல் காயம் அடைந்தார்கள்.

அந்த ஓட்டுநர் அதுவரை கியர் உள்ள சிறிய பேருந்து ஓட்டியவர் என்று அப்போது செய்திகள் வந்தன. கியர் இல்லாத பெரிய பேருந்தில் அவருக்குக் கிடைத்த பயிற்சி மிகக் குறைவு என்றும் செய்தி வந்தது. வழக்குப் பதிவானது. குற்றம் யாருடையது என்று நாம் இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனால் ஒரு கேள்வி நகரம் முழுவதும் எழுந்தது. புதிய வகை வண்டியைக் கையில் கொடுக்கும் முன் போதுமான பயிற்சி கொடுக்கிறார்களா?

இந்தக் கேள்வி ஏன் பெரியது? கிளட்ச் பற்றிச் சொன்னதை இப்போது நினைத்துப் பாருங்கள்.

கியர் வண்டியில் ஆபத்து வந்தால் ஓட்டுநர் இரண்டு காலையும் அழுத்துவார். வலது கால் பிரேக்கில், இடது கால் கிளட்ச்சில். அவசரத்தில் வலது கால் தவறி ஆக்சிலேட்டரில் பட்டாலும், இடது கால் கிளட்ச்சில் இருக்கிறது. எஞ்சின் உறுமும். ஆனால் சக்கரத்துக்குப் பலம் போகாது. கிளட்ச் நம்மைக் காப்பாற்றும்.

கியர் இல்லாத வண்டியில் அந்தக் காவல் இல்லை. தவறி ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி பாயும். மின்சார வண்டி இன்னும் வேகமாகப் பாயும். நின்ற இடத்திலேயே அதற்கு முழுப் பலம் உண்டு அல்லவா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. கிளட்ச்சைத் தேடி இடது கால் தானாகப் போகும். அங்கே கிளட்ச் இல்லை. கால் பிரேக்கில் விழும். கிளட்ச்சை மிதிப்பதுபோல் முழுதாக அழுத்தும். வண்டி சட்டென்று நிற்கும். உள்ளே இருப்பவர் முன்னால் விழுவார். பின்னால் வருபவர் வந்து மோதுவார்.

ஆக, பழைய பழக்கம் உடம்பில் ஊறி இருக்கிறது. அறிவுக்குத் தெரிந்தாலும் காலுக்குத் தெரிய வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும்.

எழுத்தைப் பார்த்து ஓட்ட வேண்டும்

இன்னொரு மாற்றமும் இருக்கிறது. எழுதப் படிக்கக் கற்ற நமக்கு இது முக்கியம்.

பழைய வண்டியில் எந்தக் கியர் என்பது கைக்குத் தெரியும். எஞ்சின் சத்தம் காதுக்குத் தெரியும். எழுத்தே தெரியாத ஒருவர் மிக நல்ல ஓட்டுநராக இருக்க முடிந்தது. புதிய வண்டியில் கம்பியின் பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். முன்னால் உள்ள திரையிலும் அதே எழுத்து தெரியும். மின்சார வண்டியில் எஞ்சின் சத்தமும் இல்லை. வண்டி கிளம்பத் தயாரா இல்லையா என்பதைத் திரையில் படித்துத்தான் அறிய வேண்டும்.

ஒரு வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடக்கலாம்.

"என்னம்மா இது, நாலு எழுத்துப் போட்டிருக்கான்?"

"பி என்றால் வண்டியை நிறுத்தி வைக்க, அப்பா. ஆர் என்றால் பின்னால் போக."

"ரிவர்ஸ்."

"ஆமாம். என் என்றால் நியூட்ரல். டி என்றால் முன்னால் போக."

"நாற்பது வருஷம் கையாலேயே தெரிந்துகொண்டேன். இப்போ படிச்சுத் தெரிஞ்சுக்கணுமா?"

"நாலு எழுத்துதானே அப்பா. ரேஷன் கார்டைப் படிக்கிறீங்க, இதைப் படிக்க மாட்டீங்களா?"

நான்கு எழுத்துதான். ஆனால் ஆர் என்பதை டி என்று நினைத்து மிதித்தால் வண்டி பின்னால் பாயும். பின்னால் குழந்தை நிற்கலாம். எனவே மிதிக்கும் முன் எழுத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

சில கார்களில் பி என்ற எழுத்து இருக்காது. அப்படிப்பட்ட காரை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்கக் கூடாது. பி இருந்தாலும் ஹேண்ட் பிரேக் போடுவது நல்லது.

புதிய வண்டியில் உட்காரும் முன்

கியர் வண்டி ஓட்டிப் பழகியவர் கீழே உள்ளவற்றை மனத்தில் வைக்க வேண்டும்.

1. வலது கால் மட்டுமே வேலை செய்ய வேண்டும். பிரேக்குக்கும் அதே கால், ஆக்சிலேட்டருக்கும் அதே கால். இடது காலை ஓரமாக வைத்துவிட வேண்டும்.

2. பிரேக்கை மிதித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே பி-யில் இருந்து டி-க்கு மாற்ற வேண்டும்.

3. டி-யில் இருக்கும்போது பிரேக்கில் இருந்து காலை எடுத்தாலே பல வண்டிகள் மெல்ல நகரும். ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். சிக்னலில் இதை மறக்கக் கூடாது.

4. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து என்-இல் போடக் கூடாது. வண்டி கைக்குள் நிற்காது.

5. வண்டி அடங்காமல் ஓடினால் முதலில் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுக்க வேண்டும். பிறகு பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டும். கையால் என்-க்கு மாற்ற வேண்டும். என்-க்கு மாற்றினால் சக்கரத்துக்குப் பலம் போகாது. கிளட்ச் செய்த வேலையை இப்போது இந்த எழுத்துச் செய்யும்.

6. பேட்டரி இறங்கினால் இந்த வண்டிகளைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. வேறு வண்டியில் கட்டி இழுக்கும் முன், வண்டியோடு வந்த புத்தகத்தைப் படிக்க வேண்டும். தவறாக இழுத்தால் கியர் பெட்டி கெட்டுவிடும்.

7. முதலில் காலி மைதானத்தில் பழக வேண்டும். பிறகு விடியற்காலைச் சாலையில் பழக வேண்டும். கூட்டமான தெரு கடைசியில்தான்.

முதலாளியோ நிறுவனமோ புதிய வகை வண்டியைக் கொடுத்தால், "முதலில் பழக்கிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். இப்படிக் கேட்பது அவமானம் அல்ல. "இருபது வருஷ டிரைவருக்கு எதற்குப் பயிற்சி?" என்று யாராவது சிரிக்கலாம். இருபது வருடப் பழக்கம் காலில் இருப்பதால்தான் பயிற்சி வேண்டும்.

லைசென்ஸ் பற்றி

இருசக்கர வண்டிக்கு நம் நாட்டில் இரண்டு வகை லைசென்ஸ் உண்டு. ஒன்று கியர் இல்லாத வண்டிக்கு. மற்றது கியர் உள்ள வண்டிக்கு. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் வாங்கியவர் கியர் உள்ள மோட்டார் சைக்கிள் ஓட்டினால் சட்டப்படி தவறு. உங்கள் லைசென்ஸில் என்ன எழுதி இருக்கிறது என்று இன்றே படித்துப் பாருங்கள்.

காருக்கு மோட்டார் வாகனச் சட்டம் இப்படிப் பிரிக்கவில்லை. இலகு ரக வாகன லைசென்ஸ் ஒன்றுதான். கியர் போடும் காரையும் ஓட்டலாம், தானே கியர் மாற்றும் காரையும் ஓட்டலாம். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகப் பழகாமல் ஓட்டக் கூடாது.

வெளிநாட்டில் அப்படி இல்லை. சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் கிளட்ச் இல்லாத காரில் சோதனை கொடுத்து லைசென்ஸ் வாங்கினால், அந்த வகைக் காரை மட்டுமே ஓட்டலாம். கியர் கார் ஓட்ட வேண்டுமானால் அதில் தனியாகத் தேற வேண்டும். வெளிநாட்டுக்கு ஓட்டுநர் வேலைக்குப் போக நினைக்கும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் இரண்டு வகையும் பழகுவது நல்லது.

மெக்கானிக் என்ன செய்வார்?

கியர் வண்டிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தெருவோர மெக்கானிக்கே அதைப் பிரித்துச் சரி செய்துவிடுவார். கிளட்ச் வயர் அறுந்தால் மாற்றலாம். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் மாற்றலாம். தாராவியிலும் செம்பூரிலும் இந்த வேலையை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. கையால் தொட்டு, காதால் கேட்டு, குருவிடம் நின்று கற்ற தொழில் இது.

மின்சார வண்டியில் கிளட்ச் பிளேட் இல்லை. எஞ்சின் ஆயிலும் இல்லை. ஆகவே அந்த வேலைகள் குறையும். ஆனால் பிரேக் இருக்கிறது. டயர் இருக்கிறது. சக்கரத்தின் பேரிங் இருக்கிறது. மின் இணைப்பு, மோட்டார், பேட்டரி வேலை புதிதாக வருகிறது. அந்த பேட்டரியில் மின் அழுத்தம் மிக அதிகம். பழைய பேட்டரிபோல் நினைத்துக் கை வைத்தால் உயிர் போகும். அதனால் இந்தத் தொழிலைப் பக்கத்தில் நின்று பார்த்து மட்டும் கற்க முடியாது. முறையாகக் கற்க வேண்டும். பட்டறையில் வேலை செய்யும் பையன்களை அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அனுப்ப இப்போதே யோசிக்க வேண்டும்.

டிராம் நின்றது. பத்மினி டாக்சி நின்றது. மக்கள் போவதும் வருவதும் நிற்கவில்லை. அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓட்டுநர் வேண்டும். வண்டியைச் சரி பார்க்க மெக்கானிக் வேண்டும். கிளட்ச் போனாலும் இவர்களுக்கு வேலை உண்டு, புதிய வண்டியைக் கற்றுக்கொண்டால். கற்றுக்கொள்ள நேரமும் பயிற்சியும் கொடுப்பது வண்டியை வாங்கி ஓட விடுபவர்களின் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. ஏனென்றால் அந்த வண்டி ஓடும் தெருவில்தான் நம் பிள்ளைகளும் நடக்கிறார்கள்.

பேசிப் பார்ப்போம்

1. கிளட்ச் மிதித்தால் வண்டியில் என்ன நடக்கிறது? உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்.

2. மின்சார வண்டிக்குக் கியர் ஏன் வேண்டாம்?

3. பி, ஆர், என், டி ஆகிய நான்கு எழுத்துகளையும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லுங்கள்.

4. உங்கள் பகுதியில் உள்ள ஓர் ஓட்டுநரைக் கற்றல் மையத்துக்கு அழையுங்கள். இரண்டு வகை வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை அவரிடம் கேளுங்கள்.

5. உங்கள் வீட்டில் யாருக்காவது லைசென்ஸ் இருந்தால் அதை எடுத்துப் படியுங்கள். எந்த வகை வண்டிக்கு அது செல்லும்?